முத்தோரை பாலாடாவில் மீத்தேன்

கேரட் கழுவிய கொட்டகை இது.
தரைப் பிளவில் இன்னும் சேற்று வாசனை.
வாடகைச் சீட்டில் பெள்ளி கவுடர்
'மிஷின் வைக்க' என்று மட்டும் எழுதினார்.
என்ன மிஷின் என்று கேட்கவில்லை,
வாசலில் நின்று சிலிண்டர்களை எண்ணிக்கொண்டார்.

என் கை நீளத்துக்கு ஒரு குவார்ட்ஸ் குழாய்.
நடுவில் தபால்தலை அளவு செம்புத் தகடு.
அதைச் சுற்றி ஆயிரம் டிகிரி.
முதலில் ஹைட்ரஜன், களிம்பைத் துடைக்க.
பிறகு மீத்தேன், மிகக் கொஞ்சம்,
கைக்குழந்தைக்கு மருந்து ஊற்றுகிற கஞ்சத்தனத்தோடு.

அவலாஞ்சி போகிற வழியில்
சதுப்பில் கால் புதைந்தால்
குமிழ் விட்டு மேலே வருமே, அதே வாயுதான்.
இங்கே சூட்டில் உடைந்து
ஹைட்ரஜனை உதறிவிட்டுக்
கரி மட்டும் செம்பில் இறங்குகிறது,
அணுவை ஒட்டி அணு,
அறுகோணம் அறுகோணமாய், ஒற்றை அடுக்காய்.
செம்பு மூடியதும் வளர்ச்சி தானே ஓய்ந்துவிடும்.
ராத்திரி முழுக்க நான் காவல் காப்பது
கண்ணுக்கே தெரியாத ஒன்றை.

இரண்டேகாலுக்கு மின்சாரம் போனது.
(காட்டுமாடு கம்பத்தில் முதுகு சொறிந்ததாம்,
லைன்மேன் ஷாகுல் பிறகு சொன்னான்.
கோபப்பட ஆள் கிடைக்கவில்லை.)
பேட்டரி, வால்வை மூடும் அளவுக்குத்தான்.
உலை சிவப்பிலிருந்து பழுப்புக்கு,
பழுப்பிலிருந்து இருட்டுக்கு.
ஆர்கானைத் திறந்துவிட்டு
ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்தேன்.

ஆறரைக்குக் கதவைத் தள்ளினால்
பாலாடா முழுக்க வெள்ளை.
முட்டைக்கோஸ் மேல், ஹோஸ் பைப் மேல்,
கவுடரின் ஜீப் கண்ணாடி மேல்
நீராகாமலே நேராய்க் கெட்டிப்பட்ட ஆவி.
சிலிண்டர் இல்லை, பம்பு இல்லை.
மின்சாரம் போனதே அதற்குத் தெரியாது.

கவுடர் உருளைக்கிழங்கு இலையைத் திருப்பிப் பார்த்தார்.
"வெயில் ஏறினா கரிஞ்சிடும்."
அவருக்கு அந்தப் படலம் வேண்டாம்.
எனக்கு வேண்டியது வரவில்லை.

தகட்டை அடுப்பில் லேசாகச் சுட வைத்தேன்.
மூடாத செம்பு சிவந்தது, மூடிய இடம் அப்படியே.
நுண்ணோக்கியில் தீவுகள்,
ஆறு மூலையும் சுத்தமாய்,
ஒன்றையொன்று தொடுவதற்குச் சற்று முன்னால் நின்றவை.
முப்பத்தெட்டாவது முறை, அறுபது சதம்,
காரணம்: மாடு என்று நோட்டில் எழுதி
'மாடு' அடித்து 'மின்தடை' ஆக்கினேன்.

வெளியே வைப்பர் ஒரு தடவை இழுத்தது.
விடியவிடிய வளர்ந்தது வழித்தோடியது.
நான் புதுத் தகடு வெட்டி
அசெட்டிக் அமிலத்தில் கழுவப் போட்டேன்.
கொட்டகைக்கு அந்த வேலை பழக்கம்தான்.