பில் யார் பேருக்கு

பலவேசம் என்று பெயர் வைத்தது பணகுடி.
நுங்கம்பாக்கம் அதை ஒட்ட வெட்டி
'வேஷ்' என்று போர்டில் எழுதிக்கொண்டது.

நாட்டுக்குத் தெரியாத பதினொரு வழுக்கைகள்
எனக்குத் தெரியும்.
யார் எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குகிறார்,
யாருக்குத் தூக்கமே இல்லை,
எல்லாம் முடி சொல்லிவிடும்.
வெட்டுவதற்குக் கொஞ்சம்,
வாயைத் திறக்காததற்கு மிச்சம்:
என் சம்பளம் அப்படித்தான் வருகிறது.

இந்த ஆனியில் ஷூட்டிங்
காவல்கிணறு பக்கம், காற்றாலைகளுக்கு நடுவே.
டைரக்டருக்குக் காற்று வேண்டுமாம்.
கொடுத்தது காற்று, வஞ்சகமில்லாமல்.
நான்காவது டேக்கில்
ஹீரோவின் நெற்றியோரம் பசை விட்டு
விக் எழும்பியது, ஒரு நகக்கண் அளவு.
கயிற்றுக்கு அப்பால் நானூறு செல்போன்கள்.

கட் சொல்லுமுன் ஓடினேன்.
தோள்துண்டை அவர் தலைமேல் போட்டு
"கண்ல தூசி! கண்ல தூசி!" என்று கத்தினேன்.
துண்டுக்குள் மூச்சு வாங்கியது,
ஐம்பத்திரண்டு வயசு.
"பாத்துட்டாங்களா, வேஷ்?"
"காத்து மட்டுந்தான் சார் பாத்துச்சு."

சாயங்காலம் கேரவன் வாசலில் ரெண்டு பேர்,
புல்லட்டில் வந்திருந்தார்கள்.
பெரிய வீட்டுக்காரர் தவறிட்டாராம்.
"நம்ம பலவேசம்லா வந்திருக்கான்,
அவனே வந்து செஞ்சிரட்டும்னு
வீட்ல சொல்லுதாவ."

வந்திருக்கான்.
அந்தக் 'கான்'
நான் ஊரைவிட்டுப் போன நாளிலிருந்து
ஒரு மயிர்கூட நரைக்கவில்லை.

"தலைக்கு எண்பதாயிரம் அண்ணாச்சி.
ஜிஎஸ்டி தனி.
மேனேஜர்ட்ட பேசிக்கிடுங்க."

கோபமில்லை. எல்லாருக்கும் அதே ரேட்தான்.
புல்லட் ஸ்டார்ட் ஆக வெகுநேரம் பிடித்தது.

ராத்திரி வள்ளியூர் லாட்ஜில்
விக்கைக் கழுவி, சிக்கெடுத்து,
ஃபேனுக்கடியில் காயப்போட்டேன்.
யாரோ ஒருத்தி செந்தூரில் இறக்கியது.
பிள்ளைக்கோ, புருஷன் குடி நிற்கவோ,
என்ன வேண்டினாளோ.
அவள் நேர்ந்த முடிதான்
நாளைக்கு நாலு பேரை அடித்து வீழ்த்தப்போகிறது.

பதினொன்றரைக்கு மேனேஜர் ஃபோன்.
"சார், பணம் வந்துட்டு. முழுசா.
ஐஸ் பெட்டியில வெச்சிருக்காங்களாம்,
விடிகாலை வந்தாப் போதும்னாங்க.
பில் யார் பேருக்குப் போட?"

நான் எதிர்பார்க்கவில்லை.
ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.
ஸ்டாண்டில் அந்த முடி
லேசாகத் தலையாட்டியது.

"செத்தவர் பேருக்கே போடு" என்றேன்.
"இனிஷியலைக் கேட்டுக்க."

ஏழு மணிக்கு ஹீரோ கால்ஷீட்.
அலாரத்தை நாலுக்கு வைத்தேன்.