இன்னும் இடமிருக்கிறது

மே முதல் தேதி கெடு. அது முடிந்து பதினொரு நாள்.
கல்லூரியிலிருந்து மறுபடியும் ஒரு கடிதம்:
கொரின், உனக்கான இடம் உனக்காகவே இருக்கிறது.
முதலில் ஒன்பதாயிரம் டாலர் தள்ளுபடி,
பிறகு பதினான்கு,
இப்போது பதினெட்டு.
மகள் சமையலறையில் குதித்தாள்.
நான் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன்,
அங்கே ஒன்றும் இருக்காது என்று தெரிந்தும்.

இருபத்தாறு வருடமாகக் கொதிகலன் பழுதுபார்க்கிறேன்.
வெர்மான்ட் குளிரில் நடுராத்திரி
என்னை எழுப்பாத தெரு இந்த ஊரில் இல்லை.
கேட்காமலே ஒருவர் விலையைக் குறைத்தால்
நான் முதலில் தரையைத் தட்டிப் பார்ப்பேன்.

சனிக்கிழமை போனோம்.
சுற்றிக்காட்டிய பையன்
முகம் எங்கள் பக்கம், முதுகு பாதையின் பக்கமாகப்
பின்னோக்கியே நடந்தான்.
ஒரு படியிலும் தடுக்கவில்லை.
நல்ல பயிற்சி, என்றாள் லோர்னா.
மற்ற அப்பாக்கள் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தார்கள்.
நான் புகைபோக்கிகளை எண்ணினேன்.
ஆறு விடுதி. மூன்றில்தான் ஆவி.
நான்காவதற்குப் 'புதுப்பிப்பு' என்று ஒரு பலகை;
பலகைக்கே வெயிலில் நிறம் போயிருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் பாதி மேசைகள் மேல்
நாற்காலிகள் கால் தூக்கிக் கவிழ்ந்து கிடந்தன.
சூப் நன்றாக இருந்தது. அதையும் சொல்லவேண்டும்.
எதிரில் இருந்த அம்மா, பெயர் விலோமினா,
ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்:
மூத்தவன் படித்த இடம்
இரண்டாம் வருடம் ஒரு வியாழக்கிழமை மூடிவிட்டது.
மதியத்துக்குள் மின்னஞ்சல்.
அவன் எழுதித் தேறிய பாடங்களில் பாதி
வேறெந்தக் கல்லூரியிலும் ஒட்டவில்லை.
இப்போது கூரை போடுகிறான்.
நல்ல சம்பளம், என்றாள்,
நான் எதுவும் கேட்காதபோதே.

சேர்க்கை அலுவலகத்தில் நேராகவே கேட்டேன்:
இவள் முடிக்கும்வரை இந்தக் கதவு திறந்திருக்குமா?
அந்தப் பெண் பேனாவின் மூடியைக் கழற்றினாள், போட்டாள்.
"என் ஒப்பந்தம் ஜூன் வரை," என்றாள்.
பிறகு, அச்சடித்த தாளில் இருந்ததைப் படித்தாள்.
முதலில் சொன்னதற்காக
அவளை எனக்குப் பிடித்துப்போனது.
பிடித்துப்போனதால் பயம் குறையவில்லை.

கொரினைக் காணோம்.
ஏரிக்கரையில் முழங்கால்வரை சேற்றில் இருந்தாள்,
கையில் புள்ளிபோட்ட ஒரு சாலமாண்டர்,
அருகில் நரைத்த சடையோடு ஒரு பேராசிரியை.
"உன் கட்டுரையில் தவளை முட்டையைப் பற்றி எழுதியிருந்தாயே,
அதில் ஒரு தப்பு இருக்கிறது, வா காட்டுகிறேன்" என்கிறாள்.
மாநிலப் பல்கலைக்கழகத்தில்
இவள் பெயருக்கு முன்னால் காத்திருப்போர் நானூறு பேர்.
இங்கே இவள் செய்த தப்பு ஒருவருக்கு ஞாபகமிருக்கிறது.

யாரும் பார்க்காதபோது நிலவறைக்கு இறங்கினேன்.
திருடன் மாதிரி. தொழில் புத்தி, வேறென்ன சொல்ல.
கிழட்டு இயந்திரம், என் வயதில் பாதியாவது இருக்கும்.
ஆனால் இணைப்புகளில் புது வளையம்,
பித்தளையில் என் முகம் தெரிந்தது.
ஆணியில் தொங்கிய குறிப்பேட்டில்
நாளுக்கு ஒரு வரி, ஒரே கையெழுத்து:
அழுத்தம், வெப்பம், நேரம்.
கடைசி வரி அன்று காலை ஆறு பத்து.
அதன் கீழே வெறும் கோடுகள்.
மீதி எத்தனை பக்கம் என்று
விரலை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

திரும்பும் வழியில் அவள் தூங்கிவிட்டாள்.
காலணிச் சேறு இருக்கையெல்லாம்.
முன்பணம் முந்நூறு டாலர், திருப்பித் தரப்படாது
என்று கைபேசியில் சின்ன எழுத்து.
பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி
லோர்னா என்னைப் பார்க்க, நான் லோர்னாவைப் பார்க்க,
யார் விரல் அழுத்தியது என்பதில்
எங்களுக்குள் இன்னும் தகராறு.