அடுத்த பரிசோதனைத் திகதி

கொழுந்து வாட்டும் தட்டுகளுக்கு அடியில் ஆறு விசிறி.
ஆறுக்கும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன்.
சோதித்தவர்: மனோரஞ்சிதம்.
அடுத்த திகதி: வரும் வருடம், இதே மே.
ரோலர் மோட்டார், உலர்த்தி, சலிப்பு மிசின்,
துரையின் கந்தோரில் கேத்தல் வரைக்கும்
எல்லாவற்றுக்கும் ஒரு திகதி உண்டு.
தேயிலை வாங்கும் தேசத்திலிருந்து
ஆள் வந்து கேட்பார்களாம்.

சாப்பாட்டு மணிக்கு
தூள் படிந்த தலைத்துணியோடு வந்து நின்றாள்
சலிப்பு அறை செபஸ்தியம்மா.
"தங்கச்சி, கரண்டைப் பார்க்கிற மிசின் அதுதானே?
எங்க காம்பராவுக்கும் ஒருக்கா வச்சுப் பாருங்க.
செவுரு கடிக்குது."

செவுரு கடிக்குது.
பன்னிரண்டு வருடத்தில்
இவ்வளவு துல்லியமாக யாரும் எனக்கு முறைப்பாடு சொன்னதில்லை.

பத்துக் காம்பரா, ஒரே கூரை.
ஒரு மீட்டரிலிருந்து மூன்று வீட்டுக்குப் போகிறது வயர்
தகரத்துக்கும் உத்தரத்துக்கும் நடுவில்.
எலி தின்ற இடங்களில் டேப்,
டேப் தீர்ந்த இடங்களில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர்.
பியூசில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்.
இஸ்தோப்பில் ஈர விறகு,
விறகுக்கு மேலே தொங்கும் பிளக்கில் ஒரு போன்.
மெகரை வைத்தேன்.
ஸ்டோரில் இருநூறுக்குப் பாய்ந்த முள்
இங்கே பூச்சியத்தை விட்டு எழும்பவில்லை.

"கடைசியா யார் பார்த்தது?"
"கரண்டு குடுத்தப்ப பார்த்தாங்க."
"எப்ப?"
"மூத்தவ வயித்துல இருந்தா."
மூத்தவள் கட்டிலில் சம்மணமிட்டு
உயர்தரக் கணக்கு ஒன்றை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தாள்.

ட்ரிப் சுவிட்ச் இருந்தது.
மாதம் ஒருமுறை அமுக்க வேண்டிய மஞ்சள் பொத்தானை
முதல்முறையாக அமுக்கினேன்.
டக்கென்று விழுந்தது சுவிட்ச்.
பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

"மழைக்கு விழுந்துக்கிட்டே இருந்துச்சு.
விஜேகுமாருதான் வயர நேரா முடிஞ்சு விட்டான்.
அதுக்கப்புறம் தொல்லையே இல்ல."

அப்படியென்றால் பரிசோதனை நடந்துதான் இருக்கிறது.
வருடம் தவறாமல், தென்மேற்கிலிருந்து, கட்டணமில்லாமல்,
ஆணி ஓட்டை வழியாக இறங்கி
ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்து
இது சரியில்லை என்று
சுவிட்சைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறது.
வந்த அறிக்கையைத்தான்
முடிச்சுப் போட்டு மூடிவிட்டார்கள்.

என் கைநூலில்
ஸ்டோருக்கு ஆண்டுக்கு ஒன்று.
வீட்டுக்குப் பத்தாண்டுக்குள் ஒன்று,
ஈரம் புகும் வீடென்றால் அதற்கும் முன்னால்.
லயம் என்ற சொல் அதில் இல்லை.
இது வீடா, கம்பெனிக் கட்டடமா?
கணக்கப்பிள்ளையைக் கேட்டேன்.
"அதுதான் இன்னும் முடிவாகல்ல" என்றார்,
என் லொறிக்குக் கேட்டைத் திறந்துகொண்டே.

பையில் ஒரு ஸ்டிக்கர் மிச்சம். ஒட்டவில்லை.
போகும் முன்பே முடிச்சை அவிழ்த்து
வயரை மறுபடி சுவிட்சுக்குள் கொடுத்திருந்தேன்.

அட்டன் சேருமுன் மழை பிடித்துக்கொண்டது.
ஒன்பது மணிக்குப் போன்.
"லைட்டு விழுந்துருச்சு தங்கச்சி."
"நல்லது" என்றேன்.
கொஞ்ச நேரம் தகரத்தில் மழை மட்டும்.
பிறகு மகளின் குரல்:
"மிஸ், நாளைக்கு எனக்கு பௌதிகவியல் பேப்பர்."

மெழுகுதிரி இருக்கா என்று கேட்க வாயெடுத்தேன்.
பத்துக் காம்பரா,
ஒரே கூரை.