ஈரத்துக்குக் கழித்தது போக

எண்பத்தேழு சதவீதத்தில் நின்றது
மதுரவேணியின் கல்யாணம்.
தாலி கழுத்துக்கு ஓர் அங்குலம் இருக்க
திரை கறுத்தது,
மேசைக்கடியில் டொக் என்றொரு சத்தம்.
மறுபடி போட்டேன். மறுபடி அதே இடம்.
மூன்றாவது தடவை
பிளாஸ்டிக் தீய்ந்த வாசம்.
மாப்பிள்ளையின் கை மட்டும்
எனக்குள் அந்தரத்தில் நின்றது.

வெள்ளிக்கிழமை அவன் கட்டாருக்கு ஏறுகிறான்.
இன்று செவ்வாய்.

தலவாக்கலையில் நாலு நாளாய் மழை.
ஆற்றை மறித்த அணைக்கட்டு
பனிக்குள் பாதி தெரிகிறது.
இங்கிருந்துதான் கரண்ட் போகிறது என்பார்கள்.
போகிறது, சரி.
என் ஸ்டூடியோவுக்கு வருவது
இருநூற்று முப்பது என்று பேர்;
மாலை ஆறரைக்கு
எல்லா வீட்டிலும் கேத்தல் ஏறும்போது
நூற்றுத் தொண்ணூறு.

கிராபிக்ஸ் காட் போன மாதம் வாங்கினேன்.
கடன் தந்தவரிடம் இரண்டு தரம் பேசினேன்,
கடவுளிடம் ஒரு தரம்.
அதைச் சுமக்கப்போகும் பழைய பவர் சப்ளையிடம்
ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஹற்றன் பஸ்ஸில்
டிக்கெட்டின் பின்பக்கம் கணக்கு:
புரோசசர் நூற்றிருபது,
காட் நூற்றெழுபது,
போர்டும் ரேமும் அறுபது,
டிஸ்க், விசிறி எல்லாம் முப்பது என்று வை.
வளைவில் பஸ் சாய
ஏழு ஒன்றாகிப் போனது, திருத்தினேன்.
முந்நூற்றெண்பது.
ஆனால் காட் சிலவேளை
ஒரு கணம் மூச்சை இழுக்கும்,
அந்தக் கணத்துக்கு மட்டும் இரட்டிப்பாய்க் கேட்கும்.
அந்தக் கணத்தில்தான் தாலி.

நஸ்மில் கடையில் இரண்டு பெட்டி.
ஒன்றில் தீப்பிழம்புப் படம்,
சிவப்பில் எழுநூறு வோட்ஸ்,
நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்.
மற்றது சும்மா கறுப்பு, ஐந்நூற்றைம்பது,
பத்தொன்பதாயிரம்.
பெரிய நம்பர், சின்ன விலை,
இதில் யோசிக்க என்ன இருக்கு அக்கா,
என்று நஸ்மில் கேட்கவில்லை.
கேட்டது என் பர்ஸ்.
அவன் இரண்டையும் என் கைகளில் வைத்துவிட்டு
வேறு ஆளுக்குச் சார்ஜர் காட்டப் போய்விட்டான்.

எழுநூறு
பொரி மூட்டை மாதிரி இருந்தது.

மூன்று வருடம் கொழுந்து நிறுக்கும் கொட்டிலில்
ரெஜிஸ்டர் எழுதியவள் நான்.
சாக்குக்கு ஒரு கிலோ கழி,
ஈரத்துக்கு இரண்டு கழி,
அடைமழை என்றால் மூன்று.
சொன்னார்கள், கழித்தேன்.
மேட்டு லயத்துப் பச்சையம்மா
தராசைப் பார்க்காமல் என் பேனாவைப் பார்த்து
ஒருநாள் கேட்டாள்:
"மழைய நானா வரச் சொன்னேன்?"
பதில் எழுதக் கட்டம் இல்லை அந்த ரெஜிஸ்டரில்.

கழிக்கக் கூடாத இடத்தில் கழித்த கை
இன்று பெட்டியைப் புரட்டி
ஓரத்துப் பொடி எழுத்தைத் தேடியது.
பன்னிரண்டு வோல்ட் வழியில் எத்தனை அம்பியர்?
இருபத்தைந்து.
பெருக்கினேன், முந்நூறு.
எழுநூறில் நானூறு மழை.

கறுப்புப் பெட்டி: நாற்பத்தைந்து.
ஐந்நூற்று நாற்பது.
பத்துத்தான் ஈரம்.
அதை அவர்களுக்கே விட்டேன்.

கையில் பதினாலாயிரம்.
மீதிக்கு நஸ்மிலின் மகள் பிறந்தநாள் வீடியோ,
கேக் வெட்டும்போது இரண்டு கமரா,
ட்ரோன் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

திரும்பி வந்து திருகாணி முடுக்கி
(ஒன்று மேசைக்கடியில் உருண்டு போனது, போகட்டும்)
மூடியைத் திறந்தபடியே வைத்து
ரெண்டர் போடும்போது மணி ஆறரை.
பல்ப் மங்கியது.
கீழ் வீடுகளில் கேத்தல்கள் ஏறிவிட்டன.

எண்பத்தாறு.
எண்பத்தேழு.
விசிறி கொஞ்சம் பெரிதாய் மூச்சுவிட்டது.
பார்க்கப் பயந்து
தேத்தண்ணிக்குக் கேத்தலைத் தூக்கினேன்,
பிளக் வரை கொண்டுபோனேன்,

திரும்ப வைத்துவிட்டேன்.
முதலில் கட்டி முடியட்டும்.