ஓர் எழுத்து குறைகிறது

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
டேங்கர் வேகன்கள் போய்க்கொண்டே இருக்கின்றன,
நாற்பத்தொன்று வரை எண்ணினேன்.
ஸ்கூட்டியின் முன்னால் சுருட்டிய வினைல்,
பையில் கத்தி, சோப்புத் தண்ணீர், பழைய துணி,
இன்னொரு அ.

மூன்றாவது முறை.

பாலிடெக்னிக்கின் பழைய மெஸ்
இப்போது உணவுக்கூடம்.
ஆஸ்பெஸ்டாஸ் போய்க் கூரை உயர்ந்தது,
சிமென்ட் மேடை போய் எவர்சில்வர் கவுன்ட்டர்.
கமிட்டியில் ஏழு பேர்.
பலகையின் நிறத்துக்கு மட்டும் நான்கு கூட்டம்.
மஞ்சள் ஒருவருக்குக் கட்சியாகத் தெரிந்தது,
பச்சை இன்னொருவருக்கு மதமாகத் தெரிந்தது,
நீலம் என்றதும் எல்லாருமே
கொஞ்ச நேரம் டீ குடித்தார்கள்.
கடைசியில் சாம்பல் தேறியது.
எண்ணூர்ப் பக்கமிருந்து அது எப்படியும்
இலவசமாக வந்து படியும் என்று
நான் சொல்லவில்லை.

கடைசி மேசையில் இருக்கும் பையன்
கண்ணாடி போடாமல் படிக்க வேண்டும்.
அதற்கு எழுத்தின் உயரம் பன்னிரண்டு சென்டிமீட்டர்.
தட்டு வைக்குமிடம், அம்புக்குறி வலது.
கை கழுவுமிடம், அம்புக்குறி நேர்.
ழகரத்தின் வால் மட்டும்
வெட்டும்போதெல்லாம் கிழிந்து வந்தது.
கொஞ்சம் தடிமனாக்கினேன்.
யாரும் கவனிக்கவில்லை, நல்லது.

மீன் படம் வேண்டாம் என்றார்கள்.
காற்று திரும்பினால் காசிமேடு
ஜன்னல் வழியாக வந்து உட்காரும் கூடத்தில்
மீன் படம் வேண்டாம்.
சைவம், அசைவம்:
இரண்டு கவுன்ட்டர், இரண்டு பலகை, இரண்டு அம்பு,
கை கழுவ இரண்டு குழாய்.
குழாய்க்கெல்லாம் பிரித்துப் பலகை எழுதமாட்டேன் என்றேன்.
சொன்னேனா?
மின்னஞ்சலில்
‘சுவரில் இடப் பற்றாக்குறை’ என்று எழுதினேன்.

திறப்பு விழா முடிந்து நான்காம் நாள் போன்.
மேடம், அ காணோம்.
இரண்டு கவுன்ட்டரும் சைவம்.
சைவத்தில் நெத்திலி வறுவல்,
சைவத்தில் முட்டை தீர்ந்துபோச்சு.
ஓடிவந்து ஒட்டினேன்.
பழைய அ அன்றைக்கே கிடைத்தது,
வாசல் ஜூஸ் கடையில்
‘நியாய விலை’க்கு முன்னால்.
சிரித்துக்கொண்டே உரித்துப் போட்டேன்.
பத்து நாளில் மறுபடி போன்.
கடல் காற்று, உப்பு, பசை பிடிக்கவில்லை
என்று பில்லில் போட்டுக்கொண்டேன்.
ஓரத்தில் நகக்கீறல் இருந்தது.
அதைப் பில்லில் போடவில்லை.

கேட் திறக்கிறது.
கன்டெய்னர் லாரிகளின் இடுக்கில் புகுந்து
போய்ச் சேரும்போது மதியச் சாப்பாடு முடிந்திருக்கிறது.
ஜெனோவா தரையில் தண்ணீர் அடிக்கிறாள்.
என் வயதுதான் இருக்கும்.
“அ-வ தேடி வந்தியா? அங்க பாரு.”

குழாய்களுக்கு மேலே,
கமிட்டி கேட்டுச் சேர்த்த பழமொழி:
சுத்தம் சோறு போடும்.
அதன் முன்னால் என் அ.
அதே பன்னிரண்டு.
அடிக்கோடு பிடித்து, இடைவெளி பார்த்து,
ஒரு குமிழ்கூட இல்லாமல்.

அசுத்தம் சோறு போடும்.

“பசங்க தப்பா ஒட்டிட்டாங்கன்னு நெனச்சேன்.
அப்பால பாத்தா சரியாத்தான் கீது.
எங்கூட்டுக்காரு கொடுங்கையூரு மேட்டுல
குப்ப லாரி ஓட்றாரு.
ஒண்ணாந்தேதி ஆனா
அதாம்மா சோறு போடுது.”
சொல்லிவிட்டு வாளியைக் காலால் நகர்த்துகிறாள்.
“கால எடு, தண்ணி வருது.”

கத்தியின் முனையை
அந்த எழுத்தின் விளிம்பில் வைத்தேன்.
நன்றாக ஒட்டியிருந்தான்,
யாரோ, நல்ல கை உள்ளவன்.
அடுத்த மாதம் ஆஸ்பத்திரி வேலை ஒன்று இருக்கிறது,
ஆள் வேண்டும்.
கத்தியை மடக்கினேன்.

அந்தக் கோடிக்குப் போய்
அசைவத்துக்கு அதன் முதல் எழுத்தை ஒட்டினேன்.
ஈரக் கை, அவசரம்.
சுழியின் உள்ளே ஒரு குமிழ்.
கட்டை விரலால் அழுத்தினேன்.
பக்கத்து எழுத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.