நான்காயிரம் ஹெர்ட்ஸ்

காதுப் பரிசோதனை செய்த பெண்
காகிதத்தில் ஒரு கோட்டைக் காட்டினாள்.
மேட்டில் ஒழுங்காக நடந்து வந்த கோடு
நான்காயிரம் ஹெர்ட்ஸில் கால் இடறிப்
பள்ளத்தில் விழுந்து கிடந்தது.
"இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றும் இல்லை, அங்கிள்."
பத்தொன்பது வருடம் செம்பனை ஆலையில்
நீராவி சீறும் வால்வுக்குப் பக்கத்தில் நின்றவன்.
எப்படி வந்த பள்ளம் என்று அவள் கேட்கவில்லை.
சொக்சோ பாரத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது.

அந்தப் பள்ளத்தைப் பார்த்துத்தான்
தவுக்கே லிம் எனக்கு வேலை கொடுத்தார்.

சுங்கை தெராப்பில் இரண்டே கடைத்தெரு.
கீழே முடிதிருத்தகம், அடகுக்கடை, மளிகை.
மேல்மாடி முழுக்க உழவாரக் குருவிக்கு.
ஜன்னலையெல்லாம் செங்கல்லால் அடைத்து
ஒரே ஒரு ஓட்டை விட்டு
ஓட்டை வாயில் ஒலிபெருக்கி.
எந்தக் குகையிலோ, எந்த வருடமோ
யாரோ பிடித்து வைத்த கீச்சொலி
விடிந்ததிலிருந்து இருட்டும்வரை:
வா, இங்கே கட்டு, இடம் பத்திரம்.
பதிவில் கூப்பிடும் பறவைகள்
இதற்குள் செத்திருக்கும்.
கேட்டு வருகிறவை எச்சிலால் கூடு கட்டும்.
எச்சிலுக்குக் கிலோ விலை.

எனக்கு முன்னால் இருந்த வங்காளதேசப் பையன்
ஒரே மாதத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.
எனக்கு அது ஊமைப் படம்.
எச்சம் வழிப்பேன், வயர் மாற்றுவேன்,
பாடுகிறதா என்று பார்க்க
கூம்பில் சுண்டுவிரல் வைப்பேன்.
விரலடியில் ஓர் எறும்பு ஓடினால் சரி.
சந்தேகம் வந்தால் கீழே எட்டிப் பார்ப்பேன்:
முடிவெட்டும் அந்தோணிராஜின் நெற்றி சுருங்கியிருந்தால்
ஒலி நன்றாக இருக்கிறது.

ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தக் கற்றது.
பள்ளிவாசல் ஒரு குழாயைக் கூட்டியது.
கோயில் இரண்டைக் கூட்டியது.
டியூஷன் டீச்சர் ரேணுகாதேவி
பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மைக் வாங்கினார்.
மின்கம்பத்து மைனா
ஒலிபெருக்கி மாதிரியே கீச்சிடுகிறதாம்,
குருவிகள் அதையும் ஒருமுறை சுற்றிவிட்டுப் போகிறதாம்.
இதெல்லாம் பாக்கியவதி சொல்லித் தெரியும்.
அவள் எனக்குச் சொல்வது தெருவுக்கே தெரியும்.
கட்டிக்கொண்ட புதிதில் மெல்லிய குரல் அவளுக்கு.
ஆலை என் காதை எடுத்தது.
என் காது அவள் தொண்டையை எடுத்தது.

போன மாதம் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து
ஊர் முழுக்க மின்சாரம் போனது.
நான் கூரைமேல் இருந்தேன்.
கூம்பில் விரல் வைத்தேன். எறும்பு இல்லை.
கீழே எல்லோரும் கடையை விட்டு வெளியே வந்து
மழை விட்டதும் பார்ப்பதுபோல்
வானத்தைப் பார்த்தார்கள்.
அந்தோணிராஜ் கத்தரிக்கோலைக் காதருகே பிடித்து
வெறும் காற்றை வெட்டிப் பார்த்தார்.
ஒரு கைக்குழந்தை வாய் பிளந்து அழுதது,
பிறந்ததிலிருந்து அது இந்தப் பகலைக் கண்டதில்லை.
குருவிகள் நூறு நூறாய் வந்து
ஓட்டைக்கு முன்னால் வட்டமிட்டன.
வீடு அங்கேயேதான் இருந்தது.
கூப்பிடுவாரைத்தான் காணோம்.

இறங்கி வந்தேன்.
பாக்கியவதி ஐந்தடி தள்ளி நின்று ஏதோ சொன்னாள்.
உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைக்கவில்லை.
எத்தனையோ வருடத்தில் முதல் தடவை
மெதுவாகப் பேசுகிறாள்.
என்ன என்று கேட்டால் கத்திவிடுவாள்.
கேட்காமல் தலையாட்டினேன்.
சிரித்தாள்.
எதற்குச் சம்மதித்தேன் என்று இன்றுவரை தெரியாது.

நாலு மணிக்கு மின்சாரம் வந்ததை
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
அவள் தோள் இரண்டும்
ஒரு விரற்கடை மேலே ஏறின.
பிறகு தெருவில் எல்லோருடைய தோளும்.

ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன்.
முடிதிருத்தகத்துக்கு மேலே
ஒரு வயர் கழன்று தொங்கியது.
தொட்டுப் பார்த்தேன், அப்படியே விட்டேன்.
தவுக்கே கேட்டால் சொல்லலாம்:
பாடுகிறதென்று நினைத்தேன் தவுக்கே,
எனக்குத்தான் கேட்காதே.