காற்றுக்கூரை

வினிபெக்கில் இந்த மைதானத்துக்குக் கூரை
காற்றுத்தான்.
மூன்று விசிறிகள் ஊதி நிமிர்த்திய வெள்ளைத் துணி.
சுழல்கதவைத் தள்ளி உள்ளே வந்தால்
காது ஒருமுறை அடைத்துத் திறக்கும்.
இரவு பத்திலிருந்து ஆறு வரை
அது விழாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

செவ்வாய் ஆட்டம் முடிந்து
சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தபோது
ரொடெல் கேட்டான்,
கனடா என்றைக்காவது உலகக்கிண்ணம் தூக்குமா?

தெஸ்ஃபாய் காலுறையைப் பிழிந்தான்.
முதல் தடவை போய் ஒரு கோலும் இல்லாமல் வந்தது.
மறுதடவை போக முப்பத்தாறு வருடம்.
போய் அடித்த முதல் கோலுக்கு
அவன் ஏறிக் குதித்ததில் கட்டில் உடைந்தது.
ஆட்டம் தோல்வி.
கட்டில் இன்னும் செங்கல்லில் நிற்கிறது.

அடெலினோ சொன்னான்,
இங்கே பிள்ளைகள் நடக்க முதலே சறுக்குகிறார்கள்.
பாதத்தில் கத்தி கட்டி வளரும் நாடு
பந்தை எப்படிக் கொஞ்சும்?
(உலகக்கிண்ண மாதத்தில் அவன் காரில் இரண்டு கொடி.
போர்த்துக்கல் கொடி கழன்றால் அன்றே புதிது வரும்.
மற்றது பறந்துபோய் நாலு நாளாகியும்
வெறுங்கம்பு ஆடிக்கொண்டிருந்தது.)

டாரியா விரல்கட்டைப் பல்லால் பிய்த்தபடி
யாரைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றாள்.
பெண்கள் ஒலிம்பிக் தங்கமே கொண்டுவந்தாயிற்று.
கனடா என்றதும் உங்களுக்கு ஏன்
மீசை முளைக்கிறது?

பிறகு கொஞ்ச நேரம்
எல்லோருக்கும் சப்பாத்துக் கயிற்றில் சிக்கல்.

என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் முதல் சொல்லிலேயே இடறியிருப்பேன்.
அவர்கள் வெல்வார்களா, நாங்கள் வெல்வோமா, நாம் வெல்வோமா.
நாங்கள் என்றால் எதிரே நிற்பவன் வெளியே.
நாம் என்றால் அவனும் உள்ளே,
கதவைச் சாத்து, குளிர் வருகிறது.
பதினேழு வருடமாக
அவர்கள் என்றே சொல்லிவிட்டு
அவர்கள் தோற்றால் சாப்பிடாமல் படுக்கிறவன் நான்.

வியாழன் இரவு குளிர் தணிந்தது.
அதுதான் ஆபத்து.
மைனஸ் முப்பதில் பனி மாவு, ஊதினால் போகும்.
பூச்சியத்தில் அது ஈரச் சீமெந்து.
இரண்டரை மணிக்குக் கிழக்குக் கோலுக்கு மேலே
கூரை எருமை வயிறுபோலத் தொங்கியது.
அழுத்தமானியின் முள் இறங்க இறங்க
கிடைத்த எண்ணையெல்லாம் அழைத்தேன்.
ரொடெல் பைஜாமாவுக்கு மேல் கோட்டுடன் வந்தான்.
டாரியா தம்பியின் டிரக்கில்.

கூரைக்கு மேலாகக் கயிறு எறிந்து
அவர்கள் இருவரும் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்,
மரம் அறுப்பதுபோல் பனியை அறுத்தோம்.
ஆளை ஆள் தெரியாது.
கயிறு தளர்ந்தால் என் முறை, இறுகினால் அவர்கள் முறை.
ஒரு மணி நேரமாக என் வாயில் வந்ததெல்லாம் தமிழ்.
இழு, விடு, இன்னும், இழடா.
கயிற்றுக்கு விளங்கியது.

நாலரைக்கு முள் பழைய இடத்துக்கு வந்தது.
உள்ளே போனோம். கைகள் இல்லை, விறைப்பு மட்டும்.
வீட்டுக்குப் போகாமல் ரொடெல் பந்தை
தண்ட உதைப் புள்ளியில் வைத்தான்.
பனிச்சப்பாத்தோடு உதைத்தான்.
பந்து கோலுக்கு எட்டடி மேலே போய்க் கூரையில் மோத,
வெளியே மிச்சமிருந்த பனி
மொத்தமாகச் சரிந்து விழும் சத்தம்.

டாரியா கோலிலேயே குந்தியிருந்து சிரித்தாள்.
இவனை வைத்துக்கொண்டா வெல்வோம்?

ஆங்கிலத்தில்தான் கேட்டாள்.
என் காதில் தமிழாக விழுந்தது, எழுவாய் இல்லாமல்.
வெல்வோம்.
நாமா நாங்களா என்று அது காட்டிக்கொடுப்பதில்லை.
இரண்டுக்கும் வால் ஒன்றுதான்.
அந்த வாலை மட்டும் தனியே எடுத்தால்
யாழ்ப்பாணத்தில் அது முழுப் பதில்.

ஓம், என்றேன்.

என்ன சொன்னாய் என்றாள்.
மூன்றாவது விசிறியில் பெல்ட் கீச்சிட்டது.
பார்க்கப் போனேன்.